ஈர்வலி

கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் ஜீப் நிற்கிறது.
முன்னால் பதினோரு வண்டி.
ஒச்சம்மா என்னோடு பேசி ஒன்பது நாளாச்சு.
சீட்டுப்பணம் இரண்டாயிரம்
நான் தரவேண்டியது.

ஏலக்காட்டுக்குப் போகிற பதினாலு பேரும்
ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்கித்தான் போகிறோம்.
பேன் யாரிடமிருந்து யாருக்கு வந்ததென்று
எந்த நோட்டில் எழுத?

"குனிடி" என்றாள்.
ஒன்பது நாளில் முதல் சொல்.
காதோரம் இறங்குகிறது ஈர்வலி,
வேப்பெண்ணெய் வாடையோடு.
பேன் ஓடிவிடும்,
ஈர்தான் மயிரைப் பிடித்துக்கொண்டு
அப்படியே உட்கார்ந்திருக்கும்
கடன் மாதிரி,
என்று அவள் சொல்லவில்லை.
நானாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவே
டிக்.
கொஞ்சம் பொறுத்து, டிக்.

போலீஸ்காரர் டார்ச்சோடு எட்டிப் பார்க்கிறார்:
"எத்தர பேருண்டு?"
ஒச்சம்மா தலை நிமிரவேயில்லை.
"இன்னும் எண்ணி முடியல சார்."