மிகை

முப்பத்தொரு வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில்
சரக்கு எண்ணினேன்.
இறங்க வேண்டியது இறங்காவிட்டால் குறை.
கணக்கில் இல்லாதது இறங்கிவிட்டால் மிகை.
மிகைக்குத் தனிப் படிவம், சிவப்பு மை,
மூன்று நகல்.

அந்தப் பழக்கம்தான். போர்ட் லூயி சுற்றிப் பார்க்க
ஃபிளிக் ஆன் ஃபிளாக் ஓட்டல் வாசலில்
வெள்ளை வேனில் ஏறியதும் எண்ணிவிட்டேன்:
பத்தொன்பது பேர்,
ஓட்டுநரையும் வழிகாட்டியையும் சேர்க்காமல்.

வழிகாட்டிக்கு இருபத்தாறு இருக்கும்.
ஜெரார் வீராப்பென் என்றான்,
கடைசி எழுத்தை மூக்கால் விழுங்கி.
வீரப்பன்தானே, என்றார் ஈரோட்டு வேலுமயில்.
இல்லை மிஸ்யே, வீராப்பென். தாளில் அப்படித்தான்.

எழுதியவன் என் தொழில்காரனாக இருப்பான்.
வெயில், வரிசை, பின்னால் இன்னொரு கப்பல்.
எனக்கும் கை தவறியிருக்கிறது,
சீனியைச் சிமெண்டு என்று எழுதியிருக்கிறேன்.
ஆனால் அந்தச் சிமெண்டு
பிள்ளை பெற்று, பேரன் பெற்று,
என் முன்னால் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்து
நின்றதில்லை.

கோயில் வகுப்பில் கற்ற தமிழ் அவனுக்கு.
'தாங்கள் இப்புறம் எழுந்தருளுங்கள்' என்றான்.
வேனே சிரித்தது.
எழுந்தருளினோம்.

கோட்டையில் பீரங்கி.
யாரைச் சுட்டது என்று கேட்டாள் ஒரு சிறுமி.
யோசித்துவிட்டு, மத்தியானம் சாப்பாடு ஒரு மணிக்கு, என்றான்.
எல்லோரும் மலையைப் படம் பிடித்தார்கள்,
நான் கீழே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு கிரேன் கைகட்டிச் சும்மா நின்றது.
எவன் ஷிஃப்டு அது
என்று எனக்குக் கோபம் வந்தது.

மியூசியத்தில் இரண்டு தபால்தலைகள்.
வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடுமாம்,
கொஞ்ச நேரம்தான் விளக்கு.
அந்தக் கொஞ்ச நேரத்தில் வேலுமயிலின் தலை மறைத்தது.

சந்தையில் தால் பூரி.
மூன்று தின்றுவிட்டு
இது நம்ம போளிதான், வெல்லத்தைத் தொலைத்துவிட்டார்கள்,
என்று அவரே தீர்ப்பும் சொன்னார்.

பிறகு, கூலிகள் வந்திறங்கிய துறை.
பதினாறு படி என்றான் ஜெரார்.
நம்பிக்கையில்லாமல் இல்லை, தொழில் புத்தி,
எண்ணத் தொடங்கினேன்.
ஏழாவதில் யாரோ செல்ஃபிக்கு நகரச் சொன்னார்கள்.
மறுபடி ஒன்றிலிருந்து. மறுபடி ஏழு.
விட்டுவிட்டேன்.
வாழ்க்கையில் பாதியில் விட்ட கணக்கு அது ஒன்றுதான்.

கண்ணாடிக்குள் பேரேட்டின் ஒரு பக்கம்.
எண், பெயர், தகப்பன், ஊர், உயரம்,
உடம்பில் அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு.
நல்ல கையெழுத்து. கோடு தாண்டவில்லை.
வழியில் செத்தவர்களை எந்தப் பத்தியில் போட்டார்கள்,
கப்பலில் பிறந்ததை எதில், என்று கேட்டேன்.
ஜெரார் குடையை மடக்கினான்.
'தெரியாது மதாம். எவரும் வினவியதில்லை.'

எனக்குத் தெரியும்.
முதலாவது குறை.
இரண்டாவதற்குத் தனிப் படிவம்.

நாலரைக்கு வேனில் மறுபடி எண்ணினேன்.
இருபது.

கடைசி இருக்கையில் ஒரு பெண்,
நர்ஸ் சீருடை, வெள்ளை ஷூ, மடியில் கீரை.
வீட்டுக்குப் போகிற வேன் என்று ஏறியிருப்பாள்.
வாய் சற்றே திறந்திருக்க
அப்படியொரு தூக்கம்,
இரண்டு ஷிஃப்டு சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் வரும்.

ஜெரார் முன்னாலிருந்து குடையை உயர்த்தினான்.
கணக்கு சரியா மதாம்?
காலையிலிருந்து என்னிடம்தான் கேட்கிறான்,
கண்டுபிடித்துவிட்டான் என்னை.

பத்தொன்பது, என்றேன்.

வண்டி கிளம்பியது.
எந்த ஊரில் எழுப்புவது என்று
யாரைக் கேட்பது? தெரியவில்லை.
எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
ரோஸ் ஹில் பக்கம் ஒரு வளைவில்
கீரை சரிந்தது. பிடித்து வைத்தேன்.

ஆறு கட்டு.