குமிழ் சுற்றியதா

முப்பத்தாறில் முடிய வேண்டிய ரோல்
முப்பத்தெட்டு என்றது.
இரண்டு படம் கொசுறு என்று
சந்தோஷப்பட்டேன்.
நாற்பது என்றபோதுதான்
வயிற்றில் ஏதோ கழன்றது.

காசிமேட்டில் அப்போது ஆறே கால்.
ஏலம் ஓய்ந்த ஈரத்தரையில்
வெயில் வழுக்கிக்கொண்டிருந்தது.
தேசம்மா இன்னும் அதே போஸில்,
இரண்டு கையிலும் வஞ்சிரத்தை ஏந்தி,
சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்று,
"எட்த்தியா இல்லியா? கை நோவுது."
எடுத்தேன் என்றேன்.
அது பொய் என்று
அப்போது எனக்கே தெரியாது.

நவ்ஷாத் தூக்கத்திலேயே போனை எடுத்தான்.
"லீவரைத் தள்ளும்போது
இடப்பக்கக் குமிழ் சுத்துச்சா?"
எந்தக் குமிழ்?
கொஞ்ச நேரம் கொட்டாவி மட்டும் கேட்டது.
"திறந்து பாரு. போறதுக்கு ஒண்ணும் இல்ல."

பின்கதவைத் திறந்தேன்.
போட்ட இடத்திலேயே கிடந்தது ஃபிலிம்,
பற்சக்கரத்தில் மாட்டாமல்
நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டியபடி.
படகுகள், வலை தைக்கும் விரல்கள்,
கருவாட்டுக் கூடையருகே ஒற்றைக்காது பூனை,
நாற்பதும் ஒன்றின்மேல் ஒன்றாக
அந்த ஓரங்குலத்திலேயே விழுந்திருந்தன.
எல்லாவற்றையும் பார்த்த ஒரே இடம்.
கேட்டால் ஒன்றும் சொல்லாது.

திங்கள் முதல் சனி வரை
அடுத்தவர் வரிக்கணக்கில்
விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் வேலை எனக்கு.

மறு ஞாயிறு,
பல் இரண்டு பக்கமும் துளையில் உட்கார்ந்ததா,
தொய்வை இழுத்தாயிற்றா, பார்த்துத்தான் மூடினேன்.
சொடுக்கு, தள்ளு, குமிழ் சுற்றியது.
சொடுக்கு, தள்ளு, சுற்றியது.
கடலைவிடக் குமிழைத்தான் அதிகம் பார்த்தேன் அன்று.

"போன வாரத்துப் படம் எங்க?"
உண்மையைச் சொன்னேன்.
"அப்ப சும்மாவா நின்னேன்?"
பக்கத்துக் கடை வரைக்கும் கேட்கச் சிரித்தாள்.
வஞ்சிரம் வரத்து இல்லை,
சங்கராவைத் தூக்கிப் பிடித்தாள்.
கிளம்பும்போது கொஞ்சம் ஐஸ் கேட்டேன்.
"மீன் வாங்காம ஐஸ் கேக்குற
மொத ஆளு நீதான்."

பெரம்பூர் குழாயில் தண்ணீர்
எந்நேரமும் முப்பத்தொரு டிகிரி.
டெவலப்பர் கேட்பது இருபது.

குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புக் குப்பைக் கவர்,
கதவிடுக்கில் துண்டு.
இருட்டில் சுருளை ரீலில் ஏற்றும்போது
மூன்றாவது சுற்றில் சிக்கியது.
விரலெல்லாம் வியர்வை.
இழுத்தால் மடங்கும், விட்டால் ஒட்டும்.
விளக்கும் போட முடியாது, வெளியேயும் வர முடியாது.
சட்டையில் கையைத் துடைத்து
மறுபடி முதலிலிருந்து.
தம்பி கதவைத் தட்டினான்.
அரை மணி நேரம் என்றேன்.
"வயிறு சரியில்லையாக்கா?"

டப்பாவை மூடி விளக்கைப் போட்டு
மீன்வாசனை ஐஸில் பாட்டிலை இறக்கினேன்.
இருபத்தாறு. இருபத்திரண்டு.
பாதரசம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு
ஒரு பக்கெட்டுடன் உட்கார்ந்திருப்பது
இவ்வளவு சுகமென்று
யாரும் சொன்னதில்லை.

துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்,
முப்பத்தாறு கட்டம் ஈரமாக.
கறுத்த வானம், நரைத்த கூந்தல்,
கரிபோல் பற்கள்.
பதினான்காவதில் தேசம்மா.
அவள் தோளின்மேல் பிறைபோல ஒரு வடு,
நான் இருட்டில் இழுத்த இழுப்பு.

பிரின்ட் போட்டு எடுத்துப்போனேன்.
செதில் ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்து
ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள்.
வடுவை அவள் கேட்கவே இல்லை.
"கலர் இல்லியா?
இது சங்கரான்னு எவனுக்குத் தெரியும்?"
எனக்குப் பதில் வரவில்லை.

படத்தைத் தராசுக்கு அடியில் செருகினாள்.
"வஞ்சிரம் வரட்டும், சொல்லி அனுப்புறேன்.
அதுன்னா வெள்ளையும் கறுப்புந்தான்."
பிறகு என் கையிலிருந்த கேமராவைக் காட்டி,
"அந்த உருளை சுத்துதான்னு
மொதல்ல பாத்துக்கோ."