தேனீ வராத உயரம்

எல் ஆல்ட்டோவில் தண்ணீர்
எண்பத்தாறு டிகிரியிலேயே கொதித்துவிடும்.
உருளைக்கிழங்கு வேகத்தான் நேரமாகும்.
பத்துப் படி ஏறினால்
பிறந்து வளர்ந்தவனுக்கே மூச்சு வாங்கும்.
இந்த உயரத்தில் சுக்கினி போடுகிறேன் என்றதும்
என் மச்சான் எலூத்தேரியோ
சிரித்த சிரிப்பில்
வாயிலிருந்த கோக்கா இலை சட்டையெல்லாம் சிதறியது.

மண்கல் சுவர் நாலு, மேலே மஞ்சள் நைலான்.
பத்தடிக்கு ஆறடி.
வெளியே வாளித் தண்ணீர் கல்லாகும் இரவிலும்
உள்ளே ஒரு வெதுவெதுப்பு இருக்கும்,
அக்குளில் கை வைத்துக்கொண்டாற்போல.
கதவிடுக்கில் பழைய கம்பளியைத் திணித்திருந்தேன்.
ஊசி முனையளவு காற்று நுழையாது.
அதில் எனக்குப் பெருமை.

இலை முதலில் உள்ளங்கை, பிறகு தட்டு, பிறகு முறம்.
பூ வந்தது, முட்டைக்கரு நிறத்தில்.
பிஞ்சு வந்தது, சுண்டுவிரல் அளவில்.
பிறகு நுனி மஞ்சளித்துச் சுருங்கி
தொட்டதும் கழன்றது.
ஒன்று. மூன்று. ஏழு.

தண்ணீர் போதவில்லை என்றார்கள், ஊற்றினேன்.
அதிகம் என்றார்கள், நிறுத்தினேன்.
சாம்பல் தூவினேன்.
முட்டை ஓட்டை இடித்துப் போட்டேன்.
இலைக்கடியில் அசுவினி இருந்தது உண்மைதான்,
சோப்புத் தண்ணீர் அடித்தேன், செத்தது.
பிஞ்சும் செத்தது.
ஆகஸ்ட் முதல் தேதி பச்சமாமாவுக்கு
மண்ணில் ஒரு குப்பி சாராயம் ஊற்றினேன்.
குடித்துக்கொண்டாள்.
பதில் இல்லை.

பக்கத்து வீடு பசிலியா அபாசா.
அவள் சுவர் என் நிலத்தில் ஒரு சாண் ஏறி நிற்கிறது,
அல்லது
என் நிலம் அவள் சுவருக்கடியில் ஒரு சாண் நுழைந்திருக்கிறது,
எந்தக் காகிதத்தைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து.
மூன்று வருஷமாகப் பேச்சில்லை.
குப்பைமேட்டில் நான் கொட்டிய வெம்பல்களைப்
பார்த்திருக்க வேண்டும்.
சுவருக்கு மேலே அவள் தொப்பி மட்டும் தெரிந்தது.
தொப்பி கேட்டது:
'உள்ளே தேனீ உண்டா?'

குளிருக்கு அடைத்த கதவு
கல்யாணத்துக்கும் அடைத்த கதவு.

ஒல்லிக் காம்பில் நிற்பது ஆண்பூ.
அடியில் பிஞ்சைச் சுமந்தே பிறப்பது பெண்பூ.
ஆண்பூவைக் கிள்ளி இதழ் உரித்து
பெண்பூவின் நடுவில்
கண்ணுக்கு மை இடுவதுபோல் தொட வேண்டும்.
ஏழு மணிக்கு விரியும், பத்துக்குள் வாய் மூடும்.
இவ்வளவையும் தொப்பிதான் சொன்னது.
'போன வருஷம் என் கொடியை மலடு என்று திட்டினேன்'
என்றும் சொன்னது.

எனக்கு ஐந்து மணிக்கு வேலை.
ரோப் கார் நிலையத்தில்
பெட்டிகளின் கதவு சரியாக மூடியதா என்று
பார்ப்பவன் நான்.
பகல் இரண்டு மணிக்கு வீடு திரும்பினால்
பூ, நனைந்து சுருண்ட காகிதம்.

சாவி ஒரு வாரம் சட்டைப்பையில் கிடந்தது.
பிறகு அதைச் சுவர்மேல் வைத்தேன்,
சரியாக அந்த ஒரு சாணின் நடுவில்.
மறுநாள் அங்கே இல்லை.

வியாழக்கிழமைகளில்
பெட்டிக்குள் ஏறிப்போய்ச் சோதிப்பது என் முறை.
ஏழேகால் மணி. கீழே தகரக் கூரைகள்,
கொடியில் விறைத்த கால்சட்டைகள்,
ஒரு நாய், ஒரு மஞ்சள் நைலான்.
நைலானுக்குள் கறுப்பாக ஒரு வட்டம்
ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு
அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
எதிரே இருந்த பையன் கேட்டான்,
'என்ன பார்க்கிறீர்கள், ஃபெர்மின்?'
கதவை, என்றேன்.

பதினொரு பிஞ்சு நின்றது.
பத்தே நாளில் முழங்கை நீளம்.
ஞாயிற்றுக்கிழமை கத்தியோடு போனேன்.
ஒன்பது.
இலையை விலக்கி மறுபடி எண்ணினேன்.
காம்பில் அறுத்த தடம் இரண்டு, சுத்தமான வெட்டு.
சுவருக்கு அப்பால்
எண்ணெயில் ஏதோ பொரிந்தது, பூண்டோடு.

வாய் வரை வந்த வார்த்தையை
ஒன்பதையும் தூக்கிக்கொண்டு வரும் சாக்கில்
விழுங்கிவிட்டேன்.

சாண் நிலத்து வழக்குக்கு
வரும் புதன்கிழமை வாய்தா.
வியாழன் காலையில்
நாலு பெண்பூ விரியும்போலிருக்கிறது.