அரைப்பேர்

ஒஹியாவில் கோச்சி எங்களை இறக்கிவிட்டபோது
மணி பதினொன்று.
மூன்று பேர், இரண்டு கூடாரம்.
குணரூபியின் முதுகில் கட்டிய சட்டி மட்டும்
அடிக்கு ஒருதரம் டங்கென்றது.

ரெஜினோல்ட் சட்டைப்பையில் ஒரு கல் வைத்திருந்தான்.
பின்லாந்தில் மூன்று நாள் நடந்த காட்டுப்பாதையில்
பொறுக்கியதாம்.
அதன் மேல் கோடுகள்,
ஈரத்தலையில் சீப்பு இழுத்த மாதிரி.
"பனி கீறினது," என்றான்.
"ஒரு மைல் தடிப்பு. அந்தக் காடு முழுக்க
அதுதான் இழைச்சு வெச்சது.
மண்ணை மேடாத் தள்ளி, பள்ளத்தில ஏரிய ஊத்தி,
யானையளவு பாறைகளைத் தூக்கி வந்து
வழியில மறந்து போட்டுட்டுப் போயிருச்சி."

பனி எனக்குப்
புல்லில் நிற்பது,
மூக்கை ஒழுகவைப்பது,
வளைவில் வரும் பஸ்ஸை
ஹோர்ன் சத்தமாக மட்டும் விட்டுவைப்பது.
எல்லாவற்றுக்கும் எங்கள் லயத்தில் இந்த ஒரே சொல்தான்.
அது நடக்கும், பாறை சுமக்கும் என்பதை
அன்றுதான் கேட்டேன்.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில்
பாதையோரம் ஒரு பாறை.
ரெஜினோல்ட் பையை எறிந்துவிட்டு மண்டியிட்டான்.
கோடுகள்! நீள நீளமாய், நடுவில் குழிந்து,
விரல் வைத்தால் வழுக்கும் கோடுகள்.
எண்ணினான். படமெடுத்தான். மறுபடி எண்ணினான்.
பிறகு தானாகவே தலையை ஆட்டிக்கொண்டான்.
"இந்த மலைய மழையும் வெயிலும்தான் செதுக்கினது.
பனியாறு இங்க வந்ததே இல்ல.
அப்ப இத யாரு?"

அட்டை ஒன்று என் கணுக்காலில் ஏறிக்கொண்டிருந்தது.
அதைச் சுண்டிவிட்டுச் சொன்னேன்:
கவ்வாத்துக் கத்தி.
மழுங்கினால் இங்கே வந்துதான் தீட்டுவார்கள்.
தண்ணீர் இல்லாத நாளில் எச்சில்.
என் சித்தப்பா ராக்கையா இடதுகைக்காரர்.
அதோ, மற்றதெல்லாம் ஒரு பக்கம் சாய
எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடக்கிறதே ஒன்று,
அது அவருடையதாகவும் இருக்கலாம்.

அவன் தன் கல்லை எடுத்து
அந்தக் குழிவில் வைத்துப் பார்த்தான்.
பொருந்தவில்லை.
குழிவு பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை.
சட்டிதான் பேசிற்று.
முடங்கி வளர்ந்த மரங்கள், தாடி தாடியாய்ப் பாசி,
காட்டு இலாகா கொடுத்த அனுமதிச் சீட்டு
குணரூபியின் காற்சட்டைப் பையில் ஊறிக் கூழாகியது.
சாயந்தரம் வெளியில் கூடாரம் அடித்தோம்.
மரை ஒன்று தூரத்தில் நின்று
எங்கள் ரொட்டியையும் சீனிச்சம்பலையும்
கடைசிவரை பார்த்துவிட்டுப் போனது.

விடியுமுன் ஒண்ணுக்குப் போக எழுந்தேன்.
காலடியில் புல் நொறுங்கியது.
டோர்ச் அடித்தால்
வெளி முழுக்க உப்புக் கொட்டியிருந்தது.
கூடாரத்தின் சிப் திறக்க மறுத்து
உள்ளேயிருந்து ரெஜினோல்ட் கத்தினான்.
வெளியே வந்தவன்
ஒரு புல்லைப் பிடுங்கி நாக்கில் வைத்தான்.
"வந்திருச்சி பார், உங்க மலைக்கும்!"

வெயில் மேட்டைத் தாண்டி இறங்கியது.
நிழல் போகப் போக வெள்ளையும் போனது.
ஒரு மரத்தின் வடிவில் கொஞ்சம்,
என் வடிவில் கொஞ்சம்
கடைசிவரை மிஞ்சி நின்றன.
மொத்தம் இருபது நிமிஷம்.

மேட்டில் ஏறினால் சிக்னல் கிடைத்தது.
மறுமுனையில் அக்கா, மூச்சு வாங்க:
"நாலாம் நம்பர் மலை பூரா கருகிருச்சி,
நெருப்பு வெச்ச மாதிரி.
கொழுந்துன்னு ஒண்ணுமில்ல.
இன்னிக்கு அரைப்பேர்தானாம்."

கீழே அவன் இன்னும் படமெடுத்துக்கொண்டிருந்தான்.
குணரூபி, சட்டியில் கண்ணாடியாய் உறைந்திருந்ததை
அப்படியே காஸ் அடுப்பில் ஏற்றினாள்.
அது முதலில் ஓரத்தில் விரிசல் விட்டு,
பிறகு சுற்றத் தொடங்கியது.
நான் தேயிலைப் பொதியைப் பிரித்து
எவ்வளவு போடுவதென்று தெரியாமல்
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.