அரை டிக்கெட்

வெள்ளிக்கிழமை, இரண்டரைக் காட்சி.
அட்டன் டவுனை மூடுபனி விழுங்கியிருந்தது,
பட்டப்பகலில் பஸ்கள்
லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன.
டிக்கெட் ஓட்டைக்கு மேலே
நானே பசை தடவி ஒட்டிய தாள்:
வயது வந்தோருக்கு மட்டும்.
விக்ரமபால மாத்தயா பிழை பார்க்க வந்தார்,
தமிழ் எழுத்துத் தெரியாதவர்,
"ஹரி, நேரா இருக்கு" என்று போனார்.

ஓட்டைக்குள் ஒரு கை வந்தது.
ஐந்நூறு ரூபாய்த் தாள். நகத்தடியில் கிரீஸ்.
பெரிய ஆளின் வாட்ச்,
வாரில் ஆணியால் குத்திய
இரண்டு புதிய ஓட்டைகள்.
குனிந்து முகம் பார்த்தேன்.
மீசை வர வேண்டிய இடத்தில்
பிளேன்டீ குடித்த ஈரம்.

"எத்தனை வயசு?"
"பதினெட்டு."
பிறந்த வருஷம் கேட்டேன்.
விரல் மடக்கி எண்ணத் தொடங்கினான்.
எண்ணிக்கை எங்கேயோ தவற
சட்டைப் பையிலிருந்து
பிளாஸ்டிக் உறையில் மடித்த கடிதம் எடுத்தான்.
புறக்கோட்டை, இரும்புக் கடை, ரப்பர் முத்திரை.
"டிலுக்ஷன், வயது பதினெட்டு,
எம்மிடம் இரண்டு வருடமாக வேலை செய்கிறார்."
லேபர் ஒபிஸ்காரர் வந்தால் காட்டுவதற்காம்.
"அவங்களே நம்புனாங்க அக்கா."

படத்தில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
ஆறு நாளாய் டோர்ச்சோடு உள்ளே நிற்கிறேன்.
மூன்று கொலை. ஒரு கட்டில்.
இடைவேளைக்குப் பிறகு
ஒருவன் விரலை இன்னொருவன் நறுக்குவான்.
"அந்த சீன் ஒனக்கு ஆகாது தம்பி."
"எங்க கடை மெசின்ல
ரமீஸுக்கு ரெண்டு வெரல் போச்சு.
நான்தான் ஐஸ் பேக்ல போட்டுக்கிட்டு
ஆசுபத்திரிக்கு ஓடுனேன்.
அப்ப யாரும் வயசு கேக்கல."

படத்துக்கு வயது குறிக்க
கொழும்பில் ஒரு சபை இருக்கிறது.
இரும்புக் கடை
அவர்கள் மேசைக்குப் போவதில்லை.
வரிசையில் பின்னால் யாரோ செருமினார்கள்.
காசைத் திருப்பித் தள்ளினேன்.

ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல வராது.
ஒன்பது வயதில் இதே மண்டபத்தில்
கத்தி வந்தால், முத்தம் வந்தால்
அம்மாவின் கை என் கண்ணைப் பொத்தும்.
கொழுந்துக் கறை மணக்கும் அந்த விரலிடுக்கில்
எல்லாவற்றையும் பார்த்துத்தான் விட்டேன்.
என்றாலும் கை இருந்தது.

அவன் போகவில்லை.
ஒரு வடையை வாங்கிக்கொண்டு
வெளிச்சுவரில் சாய்ந்து நின்றான்.
எங்களுடையது தகரக் கூரை,
உள்ளே நடப்பதெல்லாம் வெளியே கேட்கும்.
சத்தத்துக்குத் தாள் ஒட்ட முடியுமா?
அலறல் வரும்போதெல்லாம்
மெல்லுவதை நிறுத்தினான்.

ஞாயிறு காலை கார்ட்டூன்,
தாயைத் தொலைத்த யானைக்குட்டி.
மறுபடி அதே வாட்ச் ஓட்டைக்குள் வந்தது.
பக்கத்தில் பள்ளிக்கூடச் சப்பாத்தோடு
ஒரு தங்கச்சி.
"ரெண்டு அரை டிக்கெட்."
"அரை, பன்னெண்டுக்குக் கீழ உள்ளவங்களுக்கு."
"எனக்குப் பதினொன்னு."
முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.
"வெள்ளிக்கெழம பதினெட்டு?"
"அது கடைக் கணக்கு அக்கா."

இரண்டு அரை கிழித்தேன்.
இரவு கணக்கு நூற்றைம்பது குறைந்தது,
என் பஸ் காசிலிருந்து வைத்தேன்.
மாத்தயாவிடம் சொல்லவில்லை.

உள்ளே டோர்ச் அடித்தபோது
குட்டி சேற்றில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தது.
கடைவாய்ப் பல் தெரிய அவன் சிரித்தான்.
தங்கச்சி திரையை விட்டுவிட்டு
அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
இப்படி ஒரு ஆளை
முன்பு கண்டதில்லை என்பது போல.

படம் முடியுமுன்னே எழுந்தான்.
கொழும்பு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.
வாசல் திரையைப் பிடித்தபடி கேட்டான்:
"குட்டி அம்மாகிட்ட போய்ச் சேந்துருமா?"

"சேந்துரும்" என்றேன்.
கடைசி ரீலை
நான் இன்னும் பார்த்திருக்கவில்லை.