சூடு ஆறுவதற்குள்

முதல் தடவை தோற்றது புதன்கிழமை.
தாளில் ஒரே ஒரு வரி மட்டும் எல்லை மீறியிருந்தது:
கார்பன் மோனாக்ஸைடு.
பிரேக் தேறியது, விளக்குகள் தேறின,
ஹார்ன்கூடத் தேறியது. நான் அதிகம் அடித்ததில்லை.
மூச்சில்தான் கோளாறு.

பூன் லியோங் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு
வெகுநேரம் வாய் திறக்கவில்லை.
ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி
சீன நாளிதழின் மேல் வரிசையாய்க் கிடத்தினார்.
நான்கிலும் கரி.
“பசி அதிகம், செரிமானம் கம்மி,”
பாதி மலாய், பாதி வயிற்றைத் தடவிய கை.

சென்சார் புதிது. எண்ணெய் புதிது.
காற்று வடிகட்டியைத் தட்டியபோது
ஒரு காய்ந்த பல்லி விழுந்தது.
கன்வர்ட்டரும் மாற்றினால் இன்னும்
ஆயிரத்து இருநூறு வெள்ளி என்றார்.
வேண்டாம் என்றேன்.

அதையும் சொல்லிவிடுகிறேன்.
பத்தாண்டுச் சான்றிதழ் முடிந்து
ஐந்தாண்டுக்குக் காசு கட்டி நீட்டித்த கார் இது.
இனி நீட்டிக்க முடியாது.
தேறினாலும் தோற்றாலும்
மார்ச் பதினாறில் உடைக்கிற இடத்துக்குப் போகும்.
எட்டு மாதத்துக்குத்தான் இந்த மெனக்கெடல்.

நான் ரத்தம் ஏற்றிச் செல்கிறவள்.
ஈசூன் கிளினிக்கில் ஐந்து குப்பி,
பிடோக்கில் பன்னிரண்டு, ஜூரோங்கில் சிலநாள் ஒன்றே ஒன்று.
யார் யாருடைய சர்க்கரையோ கொழுப்போ
பின்னிருக்கையில் பெல்ட் போட்ட குளிர்பெட்டிக்குள்
குலுங்காமல் வரும்.
ஆய்வகத்தில் இறக்கிக் கையெழுத்து வாங்குவேன்.
முடிவு என்னவென்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

இப்படியே இந்தத் தீவுக்குள்,
ஒரு முனையிலிருந்து மறுமுனை ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை,
மூன்று லட்சத்து எண்பத்தேழாயிரம் ஓடியிருக்கிறது.
ஆய்வகக் கவுன்ட்டரில் தவமணி
கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துச் சொன்னாள்:
“நிலாவுக்கே போயிட்டீங்க.
திரும்பி வர வேண்டியதுதான் பாக்கி.”

“சூடாகக் கொண்டு போ. ஆற விடாதே.”
அவ்வளவுதான் பூன் லியோங்கின் கடைசி உபதேசம்.
விடியுமுன் தீவு விரைவுச்சாலையில்
துவாஸ்வரை போய்த் திரும்பினேன்,
கியரைக் கீழே இழுத்து, ஏசியை அணைத்து,
எஞ்சின் அலற அலற.
ஜூரோங்கில் மழை பிடித்தது.
கண்ணாடியை ஏற்றினால் வெந்தேன்,
இறக்கினால் வலது தொடை நனைந்தது.
நனையட்டும்.

சின் மிங் வரிசையில் எனக்கு முன்னால் பதினோரு வண்டி.
சுவரில் பலகை: நிற்கும் வண்டியில்
எஞ்சினை ஓட விடாதீர்.
சட்டம் அணை என்கிறது, மெக்கானிக் அணைக்காதே என்கிறார்.
முன்னால் நின்ற வேன்காரர் சிக்கனக்காரர்,
எஞ்சினை அணைத்துவிட்டு
ஒவ்வொரு தடவையும் இறங்கித் தள்ளினார்.
நான் அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டே இருந்தேன்,
நிற்கவில்லை என்று யார் கேட்டாலும் சொல்லலாம்.

சாவியை ரிட்ஸுவான் வாங்கிக்கொண்டான்.
சட்டையில் பெயர், காதில் பஞ்சு.
நான் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்.
குழாயை அவன் புகைபோக்கிக்குள் செருகியபோது
என்னை அறியாமல் என் மூச்சு நின்றது.
நான் மூச்சை அடக்கினால்
அது நன்றாக விடுமா என்ன?

திரையில் எண்கள் ஏறின.
ஏறி, தயங்கி, இறங்கின.
அவன் கொட்டாவி விட்டான்.
தாளை நீட்டினான்.

தேறியது என்பதை உட்கார்ந்த பிறகுதான் படித்தேன்.
இருக்கையை அவன் பின்னுக்குத் தள்ளியிருந்தான்,
நெட்டைக் கால்கள். எனக்குப் பெடல் எட்டவில்லை.
நெம்புகோலைத் தேடி
ஒரு சொடுக்கு, இன்னொரு சொடுக்கு,
முன்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் ஓரமாய் நிறுத்தி
முதல் வேலையாக எஞ்சினை அணைத்தேன்.
இரும்பு ஆறுகிற சத்தம்
டிக், டிக் என்று கொஞ்ச நேரம்.

ஃபோன் அடித்தது. ஈசூன்.
மூன்று குப்பி, பத்தரைக்குள்.