சப்பாத்துப்பூத் தண்ணி

மஸ்கெலியா கிளினிக்கில்
கையில் கட்டிய பட்டி
அட்டை மாதிரி இறுக்கிப் பிடித்து
இரத்தம் குடிக்காமலே விட்டது.
நூற்றி அறுபத்தாறு.
"உப்பைக் குறைங்க," என்றாள் தாதி,
"சாயத்தையும் கொஞ்சம் குறைங்க."

சாயத்தையா?
நாலாம் நம்பர் மலையில்
விடிந்ததிலிருந்து அதற்குள்தானே நிற்கிறேன்.
நகக்கண்ணில் அது.
பிரட்டுக்குப் போகுமுன் வயிற்றில் அது.
பத்து மணிக்குப் போத்தலில் ஆறிப்போய் அது.
நல்ல தூள் கப்பலேறிவிடும்,
எங்களுக்கு வருவது தூளின் தூசு.
உள்ளங்கையில் சீனி வைத்து
நக்கிக்கொண்டே அதைக் குடித்துப்
பழகிய நாக்கு இது.

மெர்சிபுஷ்பம்தான் சொன்னாள்.
டுபாயில் ஒரு வீட்டில்
மூன்று வருஷம் சமைத்துவிட்டு வந்தவள்.
அந்த வீட்டம்மா காய்ந்த சிவப்புப் பூவைக் கொதிக்கவைத்து
ஐஸ் போட்டுக் குடிப்பாளாம்.
"அது வேற சாதி அக்கா, நல்லாப் புளிக்கும்.
நம்ம வேலிச் சாதியிலயும் போடலாம்.
இங்க சும்மா கொட்டுது,
அங்க காசு குடுத்து வாங்குறாங்க."

வேலி என்றால்
ஏழாம் லயத்துக் கக்கூசுக்குப் பக்கத்து வேலி.
இதழால் துடைத்தால் சப்பாத்து மினுங்குமாம்,
அதனால் சப்பாத்துப்பூ.
துடைத்துப் பார்க்க
என்னிடம் சப்பாத்து இருந்ததில்லை.

முதல் நாள் விரல் குழம்பியது.
இருபத்தேழு வருஷம்
இரண்டு இலையும் மொட்டும் தேடிய விரல்
பூவை விட்டுவிட்டு
பக்கத்துத் தளிரை ஒடித்தது.
விரலிலேயே ஒரு தட்டுத் தட்டினேன்.
ஐந்து பூ.
மூன்று மாரியம்மனுக்கு,
இரண்டு எனக்கு.
பூசாரி தியாகு எண்ணிப் பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.
அம்மனும் கோபக்காரிதான்,
அவளுக்கும் பிரஷர் இருக்கும்,
அவளுக்கு மூன்று போகட்டும்.

கொதித்த நீரில் இதழ்களைப் போட்டேன்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தன.
தண்ணீர் கத்தரிப்பூ நிறம்.
ஒரு மிடறு.
மழை விட்டபின் வாழையிலையை நக்கியது போல.
இதற்கா இந்தப் பாடு?

தேசிக்காய் பிழிந்தேன்.
கத்தரிப்பூ எங்கேயோ ஓடிப்போய்
குங்குமம் வந்து உட்கார்ந்தது கோப்பையில்.
"ஐயோ, பாரேன்!" என்று கத்திவிட்டேன்.
நிலுக்ஷி புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்
"அது ஆசிட் அம்மா,
ஓ எல்லுக்கு வரும்" என்றாள்.

இஞ்சி ஒரு தட்டு,
கித்துள் கருப்பட்டி ஒரு கடி.
இப்போது
புளிப்பு கதவைத் தட்டியது,
இஞ்சி கேட்காமலே உள்ளே வந்தது,
இனிப்பு எல்லாருக்கும் பிந்தி வந்து
காலை நீட்டிக்கொண்டது.
வெளியே மவுசாகலைத் தண்ணீரைப்
பனி மூடிக்கொண்டிருந்தது.
ஃபெக்டரியில் டீமேக்கர் ஐயா
கோப்பைகளை வரிசையாய் வைத்து
சத்தமாய் உறிஞ்சித் துப்புவாரே,
அப்படி உறிஞ்சினேன்.
துப்பவில்லை.

"தேயிலை மலையில நின்னுக்கிட்டு
பூத்தண்ணி குடிக்கிற ஆளை
இப்பதான் பார்க்கிறேன்,"
என்றார் கணக்கப்பிள்ளை லோகிதன்.
போத்தல் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன்.
குடித்தார்.
மூடியைத் திருப்பி இன்னொரு தடவை நீட்டினார்.
அன்றைக்கு நிறுவையில்
கூடைக்கு இரண்டு கிலோதான் கழித்தார்.
வழக்கமாய் மூன்று.

அடுத்த மாசம் கிளினிக்கில்
நூற்றி நாற்பத்திரண்டு.
"என்ன செஞ்சீங்க?"
"குளிசையை ஒழுங்காப் போட்டேன், மிஸ்."
அது பொய்யில்லை,
ஒரு நாளும் தவறவில்லை.
பூவைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.
சொன்னால் அதையும் கார்டில் எழுதிவிடுவாள்,
காலை ஒன்று, இரவு ஒன்று என்று.

பஸ் பிடித்து
பாதி வழி வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது,
தேசிக்காய் வாங்கவில்லை.